தெருவில் இரண்டு மூடிகள்: சென்னையின் பாதாளச் சாக்கடை வேலை செய்யும் விதம்

சென்னையில் பெரும்பாலான தெருக்களில் இரண்டு வகை மூடிகளைப் பார்க்கலாம். சாலையின் நடுவில் வட்டமாக இருப்பது பாதாளச் சாக்கடைக்கு உரியது. அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஓரத்தில், நடைபாதைக்கு அடியில் போகும் பெட்டி வடிவக் கால்வாயின் மேல் இருப்பது மழைநீர் வடிகாலுக்கு உரியது. அது மாநகராட்சியின் பொறுப்பு. முதலாவதில் ஓடும் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இரண்டாவதில் ஓடுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்று பக்கத்தில் இருக்கும் நீர்வழியில் விழுகிறது. இரண்டும் கலக்காது என்ற ஒரே அனுமானத்தின் மேல்தான் நகரத்தின் கழிவுநீர் அமைப்பு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

குடிநீர் வாரியம் என்று சுருக்கமாகச் சொல்லும் நிறுவனத்தின் முழுப்பெயர் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. பேச்சில் 'மெட்ரோ வாட்டர்'. பெயரின் முதல் பாதிதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, லாரித் தண்ணீர் அதிலிருந்து வருவதால். இந்தக் கட்டுரை பின்பாதியைப் பற்றியது.

ஒரு தெருவின் கணக்கு

இந்திய நகரங்களுக்கான வடிவமைப்பு விதிப்படி, பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பி வரும் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆளுக்கு 108 லிட்டர் ஆகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 432 லிட்டர். அப்படி 200 வீடுகள் உள்ள ஒரு தெருவில் நாளுக்கு 86,400 லிட்டர். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள் என்பதால், அந்தத் தெருவின் சராசரி ஓட்டம் நொடிக்குச் சரியாக 1 லிட்டர்.

எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பதால் காலை வேளையில் இது பல மடங்காகும். 20,000 பேருக்குள் உள்ள பகுதிக்கு உச்ச ஓட்டத்தைச் சராசரியின் 3 மடங்காக வைத்துக் குழாய் போடுவது வழக்கம். நம் தெருவுக்கு நொடிக்கு 3 லிட்டர். 150 மில்லிமீட்டர் குழாய் ஒன்று, தேவையான சரிவில் இருந்தால், நிரம்பி ஓடும்போது நொடிக்குச் சுமார் 10 லிட்டர் கடத்தும். போதுமானதற்கும் மேலே. அப்படியானால் மழை நாளில் மட்டும் மூடி வழியே ஏன் பொங்குகிறது?

1,000 சதுர அடி மொட்டை மாடி ஒன்றில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால், அந்த ஒரு மாடியிலிருந்து மட்டும் நொடிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் இறங்கும். 200 வீடுகளின் சராசரிக் கழிவுநீரைவிட அது அதிகம். மாடித் தண்ணீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையின் சேம்பருக்குள் (கழிவுநீர் சேரும் மூடியிட்ட குழி) சொருகி வைத்திருக்கும் வீடுகள் எட்டு பத்து இருந்தால் போதும், தெருக்குழாய் நிரம்பிவிடும். அதற்கு மேல் வருவது தாழ்வான மூடி வழியே வெளியே வரும், அல்லது தரைத்தள வீட்டின் கழிப்பறை வழியே உள்ளே வரும். சாலையில் தேங்கிய தண்ணீர் வடியட்டும் என்று யாராவது வட்ட மூடியைத் திறந்துவிடுவதும் இதே விளைவைத்தான் தரும். அதோடு, மூடி திறந்திருக்கும் குழி வெள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதில் விழுந்தவர்கள் பிழைப்பது அரிது.

சரிவுதான் எல்லாம்

கழிவுநீரில் 99.9 விழுக்காடு தண்ணீர்தான். மிச்சமுள்ள அந்தத் துளியூண்டு திடப்பொருள் குழாயின் அடியில் படியாமல் போக வேண்டுமானால், நீர் நொடிக்குக் குறைந்தது 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் வேகம் இது. 150 மில்லிமீட்டர் குழாயில் இந்த வேகம் கிடைக்க, சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம் தேவை.

சமதளமான சென்னையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தரை இறங்காதபோது குழாய் மட்டும் இறங்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் தொடங்கிய குழாய் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 6 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். கடலோர ஊரில் 6 மீட்டர் தோண்டினால் நிலத்தடி நீர். அதை இறைத்துக்கொண்டே குழாய் பதிக்க வேண்டும். பதித்த பிறகும் இணைப்புகளின் வழியே அந்த நீர் உள்ளே கசியும். பெரிய குழாய்களுக்குக் குறைந்த சரிவு போதும் என்பது உண்மைதான். ஆனாலும் ஏதோ ஓர் இடத்தில் கழிவுநீரை மேலே தூக்கி, மீண்டும் ஆழம் குறைந்த குழாயில் விட்டாக வேண்டும். கழிவுநீர் உந்து நிலையங்கள் அதற்காகத்தான். மலைச்சரிவில் இருக்கும் ஊர் ஓரிரு நிலையங்களோடு பிழைத்துக்கொள்ளும். சென்னைக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்படுகின்றன.

உந்து நிலையத்தின் உள்ளே முதலில் கம்பிச் சல்லடை, பிறகு மணல் படியும் தொட்டி, கடைசியில் மோட்டார்கள் இருக்கும் சேகரிப்புக் கிணறு. கிணற்றில் கழிவுநீர் சராசரியாக அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகி, கறுத்து நாறத் தொடங்கும். அதற்காகக் கிணற்றைச் சின்னதாகக் கட்டினால் மோட்டார் அடிக்கடி ஓடி நின்று சுருள் எரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே அளவைப் பிடிப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. மோட்டார் நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் மின்தடை, அல்லது துணி. பழைய சேலைத் துண்டும் நாப்கினும் ஈரத் துடைப்பானும் முறுக்கிக் கயிறாகி விசிறியில் சுற்றிக்கொள்ளும். 'கழிப்பறையில் போடலாம்' என்று அச்சடித்து விற்கும் துடைப்பான்களும் இதில் அடக்கம். காகிதம்போல் அவை கரைவதில்லை.

அடைப்பு எங்கே, யாருடையது

அடைப்பு மூன்று வகையில் உருவாகிறது. எண்ணெய் முதல் வகை: சூடாக ஊற்றப்பட்டது குழாயில் குளிர்ந்து, சோப்போடு சேர்ந்து வெண்ணிறக் கட்டியாகச் சுவரில் ஒட்டும். உணவகங்கள் நிறைந்த தெருவில் மாதக்கணக்கில் இதே கதைதான்; கொழுப்பைப் பிரிக்கும் தொட்டி கட்டாமலோ, கட்டியும் வாராமலோ விடுவதால். மணலும் கட்டட வேலையின் சிமென்ட் கழிவும் இரண்டாவது வகை. இவை அடியில் படிந்து கல்லாகவே இறுகும். மூன்றாவது மரவேர். பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய்களின் இணைப்பில் மயிரிழை வழி கிடைத்தாலும் அரச மரமும் வேம்பும் உள்ளே வந்துவிடும்.

வீட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது, சுற்றுச்சுவருக்கு உள்ளே, தெருவை ஒட்டி இருக்கும் கடைசி சேம்பரின் மூடியைத் தூக்கிப் பார்ப்பது. அது காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்குள். பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். அது நிரம்பி நின்றால் அடைப்பு அதற்குப் பிறகு, தெருப் பக்கம். அக்கம்பக்கத்து வீட்டிலும் இதே நிலை என்றால் தெருக்குழாய்தான் என்பது உறுதி. அப்போது 1916 என்ற வாரியத்தின் எண்ணிலோ பகுதி டிப்போவிலோ புகார் கொடுக்க வேண்டும். எந்த மூடி வரை நிரம்பியிருக்கிறது, எந்த மூடியில் தண்ணீர் இயல்பாக ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் வருபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். நிரம்பிய கடைசிக் குழிக்கும் காய்ந்த முதல் குழிக்கும் இடையில்தான் அடைப்பு இருக்கும். சிறிய குழாய்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் 30 மீட்டர்தான்.

வரும் வண்டியில் ஜெட்ராடிங் இயந்திரம் இருக்கும். அடைப்புக்குக் கீழே உள்ள, காய்ந்த குழியிலிருந்து குழாயை நுழைப்பது முறை. குழாய் முனையிலுள்ள துளைகள் பின்னோக்கிப் பார்த்திருக்கும். உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் நீர் முனையை முன்னே தள்ளும். அடைப்பை உடைத்துக்கொண்டு மேல்நோக்கிப் போன பிறகு, மெதுவாக இழுத்தால் மண்ணும் கசடும் கீழ்க்குழிக்கு வந்து சேரும். அங்கே தூர்வாரும் இயந்திரத்தின் பக்கெட் அதை அள்ளும், அல்லது உறிஞ்சு வண்டி இழுக்கும். பெரிய விட்டமுள்ள குழாய்களுக்கு 'சூப்பர் சக்கர்' என்ற பெரிய உறிஞ்சு வண்டி. அள்ளாமல் விட்டால் அந்தச் சேறு அடுத்த இரண்டு குழி தள்ளி மீண்டும் அடைக்கும். ஒரே தெருவில் வாரம் ஒரு முறை அடைப்பு வந்தால், உடைத்துவிட்டு அள்ளாமல் போகிறார்கள், அல்லது குழாய் எங்கோ தொய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது சந்தேகத்துக்குக் கேமராவை உள்ளே அனுப்பித்தான் முடிவு காண முடியும்.

ஏன் ஆள் இறங்கக் கூடாது

அடைத்து நிற்கும் கழிவுநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. 'வாடை இல்லை, இறங்கலாம்' என்று நினைக்கும் இடம் அது. 700 பங்குக்கு மேல் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். சேற்றைக் கிளறும்போது அடியில் சிக்கியிருக்கும் வாயு ஒரேயடியாக வெளியேறுவதால், இறங்கும்போது பாதுகாப்பாக இருந்த குழியும் நிமிடத்தில் மாறும். முதல் ஆளைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் இறப்பது இதனால்தான். முகத்தில் கட்டும் துணியோ சாதாரண முகக்கவசமோ இந்த வாயுவை நிறுத்தாது.

பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். தனி வீட்டு உரிமையாளருக்கும் அடுக்குமாடிச் சங்கத்துக்கும் அது பொருந்தும். 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. வாரியத்தின் அறிவிப்புகளில் ஆள்நுழைவு என்ற சொல் போய் 'இயந்திர நுழைவு வாயில்' வந்திருக்கிறது. சொல் மாறியது நல்லதுதான். சந்துகளுக்குள் நுழையும் அளவுக்குச் சின்ன இயந்திரங்கள் வந்து சேர்வதைப் பொறுத்தே செயலும் மாறும்.

இதே வாயு குழாயையும் கொல்கிறது. ஈரமான குழாயின் கூரையில் வாழும் வேறு வகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் கான்கிரீட்டை மேலிருந்து அரிக்கும். கூரை மெலிந்து உடைந்ததும் மேலே உள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் கொட்டும். ஒருநாள் சாலை திடீரென உள்வாங்கும். பழைய பெரிய குழாய்களை உட்பூச்சு உறை போட்டுப் புதுப்பிப்பது இதற்காக.

சுத்திகரிப்பு: வேலை செய்வது பாக்டீரியா

பழைய நகரப் பகுதியின் கழிவுநீர் ஐந்து வடிகால் மண்டலங்களாகப் பிரிந்து கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய நான்கு இடங்களுக்குப் போகிறது. நிலையங்களின் அளவை எம்.எல்.டி. என்பார்கள், ஒரு எம்.எல்.டி. என்றால் நாளுக்கு 10 லட்சம் லிட்டர். கொடுங்கையூரில் உள்ள பிரிவுகளில் ஒன்று 110 எம்.எல்.டி.

முதல் கட்டத்தில் விஞ்ஞானம் அதிகம் இல்லை. சல்லடைகள் பிளாஸ்டிக்கையும் துணியையும் பிடிக்கும். மணல் தொட்டியில் 0.15 மில்லிமீட்டர் வரையான மணல் படியும். இங்கே பிடிக்காமல் விட்டால் அது மோட்டாரை அரத்தைப்போல் தேய்த்துவிடும். அடுத்த வட்டத் தொட்டியில் இரண்டு, இரண்டரை மணி நேரம் நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்போது நீரில் கலந்து மிதக்கும் திடப்பொருளில் பாதிக்கு மேல் அடியில் இறங்கும்.

மிச்சம் இருப்பது நீரில் கரைந்த அழுக்கு. அதை வடிகட்ட முடியாது, தின்னத்தான் முடியும். அழுக்கின் அளவை பி.ஓ.டி. என்ற எண்ணால் சொல்வார்கள்: அதைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் பி.ஓ.டி. உள்ள கழிவுநீர் 110 எம்.எல்.டி. வந்தால், நாளுக்கு 33 டன். முதல் தொட்டியில் 30 விழுக்காடு போனாலும் 23 டன்னை பாக்டீரியா தின்றாக வேண்டும். அதற்குத்தான் காற்றூட்டும் தொட்டி. நிலையத்தின் மின்கட்டணத்தில் ஆகப் பெரிய பங்கு இந்தக் காற்றுக்கே போகிறது.

தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் பாக்டீரியா தின்று, பெருகி, பஞ்சுத் திரள்களாகச் சேரும். அடுத்த தொட்டியில் திரள்கள் படிய, மேலே தெளிந்த நீர் வழியும். படிந்த திரள்களில் பெரும்பகுதியை மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவார்கள், தோசை மாவுக்குப் பழைய மாவு ஒரு கரண்டி விடுவதைப்போல. கூடுதலாகப் பெருகியதை மட்டும் கசடாக வெளியே எடுப்பார்கள்.

நல்ல தொட்டி காப்பிப் பொடி நிறத்தில், மண்வாசனையோடு இருக்கும். கறுத்து நாறினால் காற்று போதவில்லை. வெண்ணுரை பொங்கினால் பாக்டீரியா இன்னும் இளசு, அல்லது சோப்பு அதிகம். பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான நுரை என்றால் எண்ணெயை விரும்பும் இழை வகை பாக்டீரியா பெருகிவிட்டது. ஆய்வகத்துக்குப் போகாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தொட்டி நீரை ஒரு லிட்டர் உருளையில் எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் 250 மில்லிலிட்டர் அளவுக்குப் படிந்து, மேலே கண்ணாடிபோல் நீர் நின்றால் நலம். பாதிக்கு மேல் பஞ்சாக நின்றால் இழை பாக்டீரியாக்கள் கூடிவிட்டன. காற்று குறைவா, கழிவுநீர் அழுகியே வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். அழகாகப் படிந்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் கட்டியாக மேலே மிதந்து வந்தால் அது வேறு நோய். வெயில் ஊர்களில் அதிகம். அம்மோனியா நைட்ரேட்டாக மாறி, அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரஜன் குமிழியாகிக் கசட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது. கசட்டைச் சீக்கிரம் வெளியே இழுத்துவிடுவதே மருந்து.

பட்டறையிலிருந்து அமிலமோ சாயமோ இரவோடு இரவாக ஒரு லாரி கொட்டப்பட்டால் பாக்டீரியாக் கூட்டம் மொத்தமாக மடியும். மீண்டும் வளர்த்தெடுக்க நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதுவரை வந்த நீர் அரைகுறையாகத்தான் வெளியேறும்.

வெளியே எடுத்த கசடு ஏறக்குறைய தண்ணீர்தான். திடப்பொருள் 1 விழுக்காடு அளவே. அதைக் கெட்டியாக்கிக் காற்றுப் புகாத செரிப்பான் தொட்டியில் 20 முதல் 30 நாட்கள் வைத்தால் சாண எரிவாயுவின் அண்ணன் கிடைக்கும்: மீத்தேன் 60 விழுக்காட்டுக்கு மேல் உள்ள வாயு. செரிப்புக்கு உகந்த வெப்பம் 35 டிகிரி. குளிர்நாடுகள் இதற்குத் தொட்டியைச் சூடாக்குகின்றன. சென்னையில் சித்திரை வெயில் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. 2005-06 வாக்கில் நான்கு இடங்களிலும் கட்டப்பட்ட 264 எம்.எல்.டி. நிலையங்களில் இந்த வாயுவில் ஓடும் என்ஜின்கள் மின்சாரம் தயாரிக்கின்றன. வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடை முதலில் கழுவி எடுக்காவிட்டால் என்ஜின் அரித்துப்போகும். குழாய் கூரையில் பார்த்த அதே எதிரி.

நீர் எங்கே போகிறது

தெளிந்த நீரில் ஒரு பகுதி விற்பனைக்கு. 1990-களின் தொடக்கத்திலிருந்தே மணலித் தொழிற்சாலைகள் கொடுங்கையூர் நீரை வாங்கித் தங்கள் செலவில் மேலும் சுத்தம் செய்து பயன்படுத்தி வந்தன. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. அளவில் எதிர் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) நிலையங்களை வாரியமே தொடங்கியது. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் போகிறது. அத்தனை லிட்டர் ஏரி நீர் குடிக்க மிச்சமாகிறது.

விற்காத நீர் ஆற்றுக்கும் கால்வாய்க்கும்: கோயம்பேட்டிலிருந்து கூவத்துக்கு, நெசப்பாக்கத்திலிருந்து அடையாற்றுக்கு, கொடுங்கையூரிலிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் பி.ஓ.டி.யோடு வந்ததை, இவ்வளவு மின்சாரமும் உழைப்பும் செலவழித்து 20-க்குக் கீழே கொண்டுவந்து கூவத்தில் விடுகிறார்கள். சற்றுக் கீழே, பாதாளச் சாக்கடை இணைப்பு எடுக்காத கட்டடங்கள் மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்ட கழிவுநீர் அதே ஆற்றில் கறுப்பாக விழுகிறது. மழையே இல்லாத மே மாதத்திலும் மழைநீர் வடிகாலின் வாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், மேலே எங்கோ ஒருவர் தன் வீட்டுக் குழாயைத் தவறான மூடிக்குள் விட்டிருக்கிறார்.